மூன்று நீலக் கோடுகள்

என் கணவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு திடீரென்று இயற்கை ரசனை வந்தது. சுவிஸ் நாட்டின் சூக் நகரத்துக்கு வந்து, கலியாணம் கட்டி, ஒரு பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளையையும் கட்டிக்கொடுத்த காலம் முழுக்க ஏரிப் பக்கம் நின்று பார்க்காத மனிதர் அவர். ஏரி என்றால் அவருக்கு, தான் சமைக்கிற றெஸ்ரோரண்டுக்கு ஆட்களைக் கூட்டிவரும் ஒரு தண்ணீர். வெயில் எறித்தால் சனம் கூடும், குசினியில் வேலை கூடும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர், பஸ் தரிப்பிடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் சரிவான தெருவில் பாதி வழியில் நின்று, "இஞ்சை பாருமப்பா, மலையில பனி எவ்வளவு வடிவாக் கிடக்கு" என்று சொல்லத் தொடங்கினார்.

முதல் தடவை எனக்குப் புல்லரித்துவிட்டது. வயது போகப் போக மனிதனுக்கு ஒரு மென்மை வருகிறது என்று மகளிடம் ரெலிபோனில் பெருமை அடித்தேன். பிறகுதான் கவனித்தேன், பனி உருகிப் போன நாளிலும் மலை வடிவாக இருந்தது. புகார் மூடி மலையே தெரியாத ஒரு காலையிலும் அதே இடத்தில் நின்றார்.

"எங்கை மலை?" என்று கேட்டேன்.

"உந்தப் பக்கம்தான் எங்கையோ நிக்குது" என்றார். வாய் சிரித்தது. தோள் இரண்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன.

அந்தக் கோடையில் அட்லிஸ்வில் முருகன் கோவில் திருவிழாவிலும் ஒரு புதினம் நடந்தது. சாமி காவ அவர் தோள் கொடுக்கவில்லை. வருடா வருடம் இடப்பக்கத் தடியில் முன்னுக்கு நிற்கிறவர், சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம், "இளம் ஆக்களும் பழகட்டுமன்" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவருடைய பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். நானும் நம்பினேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அவருடைய வேடத்தைக் கலைத்தது சப்பாத்து. சப்பாத்து இறுக்குகிறது என்று புதிதாக வாங்கினார். புதியதும் கொஞ்ச நாளில் இறுக்கியது. அப்போதுதான் நான் குனிந்து காலைப் பார்த்தேன். காலுறையின் வரி கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினேன், விரல் புதைந்த குழி அப்படியே இருந்தது. எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. எனக்குப் பயம் வந்தால் சத்தம்தான் முதலில் வரும். அடுத்த நாளே குடும்ப வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவருடைய இதயத் தசை பலவீனமாகிவிட்டது என்றார்கள். அது போதாதென்று, இதயத்தைத் துடிக்கச் சொல்லும் மின்சாரம் வலப்பக்கத்துக்கு நேரத்துக்கு வருகிறதாம், இடப்பக்கத்துக்குப் பிந்தி வருகிறதாம். முதலில் மருந்துக் குளிசைகள் தருவார்கள். சில மாதம் ஒழுங்காகப் போட்ட பிறகும் இதயம் தேறாவிட்டால், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் துடிக்க வைக்கும் ஒரு கருவியை நெஞ்சில் வைக்கலாமா என்று யோசிப்பார்கள். வைக்கலாமா என்றுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்தச் சொல்லின் கடைசி எழுத்து காதில் விழவில்லை.

ரெனான் ஊரில் கட்டிக்கொடுத்த மகள் அன்றைக்கே ரெலிபோன் எடுத்தாள். "அம்மா, உடன அந்த மெஷினைப் பூட்டச் சொல்லுங்கோ. ஏன் பாத்துக்கொண்டு நிக்கினம்?"

"கடையில வாங்கிற சாமானே பிள்ளை?" என்று கேட்டேன். ஆனால் என் மனதிலும் அதே அவசரம்தான் இருந்தது.

குளிசைகளை நான் கையில் எடுத்துக் கொடுத்தேன், விழுங்கும்வரை முன்னால் நின்றேன். சில மாதம் கழித்து, மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் கிடைக்கிற நேரத்தில், அவர் தனியே போய் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. "மெஷின் தேவைப்படாது போலை. எக்கோ ஒண்டு எடுத்துப் பாத்திட்டு முடிவு சொல்லுவினமாம்" என்றார்.

இதயத்தைத் திரையில் படமாகக் காட்டும் அந்த எக்கோவுக்கு நானும் கூடவே போவேன் என்று நின்றேன். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். ஜெர்மன் அவரை விட எனக்கு நன்றாக ஓடும். அதை விட, எனக்கு அவருடைய மலர்ந்த முகத்தில் நம்பிக்கை இல்லை.

எக்கோ எடுக்க வந்தவர் இதய வைத்தியர் ஒருவர், என் வயதை ஒத்த பெண். கழுத்தில் கண்ணாடி தொங்கியது, வெள்ளைக் கோட்டுக்குக் கீழே மலையேறும் சப்பாத்து. பேர்ன் பக்கத்து ஜெர்மன் கதைத்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு வசனத்தைத் தொடங்கினால் நாம் இடையில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம் என்று இங்கே எல்லாரும் பகிடி பண்ணுவார்கள். அந்த அறையில் எனக்கு அந்த நிதானம் மருந்து மாதிரி இருந்தது.

விளக்கை மங்க வைத்து, என் கணவரை இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார். தடவுகிற ஜெல் போத்தலை முதலில் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டிச் சூடாக்கினார். ஒருவரும் கேட்காமல், ஒருவருக்கும் காட்டாமல் செய்த காரியம் அது. எனக்கு அவர் மேல் அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது.

விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு நல்ல இடம் கிடைத்தால்தான் இதயம் தெளிவாகத் தெரியுமாம். என் கணவரின் நெஞ்சில் அது லேசில் அகப்படவில்லை. வேறொருவராக இருந்தால் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். இவர் கையை ஒரு நூல் அளவு நகர்த்தினார், நின்றார், இன்னொரு நூல் நகர்த்தினார். "மூச்சை வெளியே விடுங்கள். இப்போது எடுக்க வேண்டாம்" என்றார். என் கணவர் அப்படியே பிடித்தார். பிடிக்க முடியாமல் நெற்றி சுருங்கத் தொடங்கியதுமே, "எடுங்கள், எடுங்கள்" என்று உடனே விட்டுவிட்டார். கண் திரையில் இருந்தாலும் அந்த நெற்றியையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. அதுதான் இதயம் என்றார். கட்டிய நாளிலிருந்து நான் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் இதயம் அது, அதன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவமாக இருந்தது.

இதயத்தின் இடப்பக்க அறை நிறைந்து நிற்கும்போது ஒரு தடவையும் சுருங்கி நிற்கும்போது ஒரு தடவையும் அதன் உள்விளிம்பைச் சுற்றி வைத்தியர் திரையில் கோடு கீறினார். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு இரத்தம் வெளியே போகிறது என்பதை அதில் கணக்குப் பார்க்கிறார்களாம். கீறினதை அழித்துவிட்டு இன்னொரு துடிப்பில் கீறினார். பிறகு இன்னொன்றில். "ஒரே ஒரு துடிப்பை நம்பி ஒரு மனிதரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது" என்றார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, படத்தை மெதுவாக ஓடவிட்டார். விரலால் காட்டினார். இதயத்தின் நடுச்சுவர் முந்திக்கொண்டு ஒரு துள்ளுத் துள்ளியது. அந்த நேரம் எதிர்ப்பக்கச் சுவர் சும்மா நின்றது. அது எழும்பித் தள்ள வந்தபோது நடுச்சுவர் ஓய்ந்துவிட்டது. இதனால் இதயத்தின் நுனி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

படுத்திருந்த என் கணவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "அங்காலை நிக்கிறவன் பிந்தித் தோள் குடுக்கிறான்" என்றார் தமிழில். "அதுதான் சாமி ஆடுது."

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். சாமி என்றால் என்ன, எப்படி நீளத் தடிகளில் வைத்துப் பல பேர் தோளில் சுமப்பார்கள், ஒருவர் அடி பிந்தினால் மேலே சாமி எப்படிச் சரிந்து ஆடும் என்றெல்லாம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் படத்தை நிறுத்திவிட்டு, வேலை எதுவும் இல்லாதவர் மாதிரி முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படி ஆடும்போது, சுமப்பவர்களுக்குப் பலம் இல்லையா, அல்லது நேரம் பிசகுகிறதா?"

என் கணவர் யோசித்தார். "ரெண்டும் இருக்கலாம். ஆனா அடி ஒண்டா விழுந்தால், பலம் குறைஞ்சவனும் காவிப்போடுவான்."

நான் அதைச் சொன்னதும் வைத்தியரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அதைத்தான் நானும் இந்தப் படத்தில் தேடுகிறேன்" என்றார். சில இதயங்களில் தசையே போய்விட்டது, அவற்றுக்கு நேரத்தைச் சரிசெய்து பயன் குறைவு. சிலவற்றில் தசை இன்னும் மிச்சம் இருக்கிறது, நேரம் பிசகியதால் அந்தப் பலமும் வீணாகிறது. கருவி உதவுவது பெரும்பாலும் இரண்டாவது வகைக்குத்தான். மற்றவர்களுக்கு அது நெஞ்சில் ஒரு காயமும் வாழ்நாள் முழுக்க ஒரு பெட்டியும் மட்டும்தான் என்றார்.

மகளின் குரல் என் காதில் இருந்தது. "இந்தப் படத்தை வைத்து முடிவெடுத்துவிடலாம்தானே?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். அவ்வளவு தெளிவான ஒரு இல்லையை நான் இந்த நாட்டில் அதிகம் கேட்டதில்லை. இதயத்தின் மின்சாரத்தைக் கீறிக்காட்டும் ஈசீஜீக்குத்தான் முதல் இடம் என்றார். எக்கோவால் மட்டும் சரியான ஆளைப் பொறுக்கி எடுத்துவிடலாம் என்று ஒரு காலத்தில் தானும் ஆசையோடு நம்பினாராம். அது அப்படிச் சரிவரவில்லையாம். "நான் ஆயுள் முழுக்கச் செய்யும் வேலை இது. அதன் எல்லையும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?" என்று சிரித்தார். என் கணவரின் ஈசீஜீ, கருவி வைப்பதற்கு ஏற்ற மாதிரித்தான் இருந்தது, ஆனால் மட்டுமட்டாக. படம் அதற்குப் பக்கபலமாக நின்றது. குளிசை போட்ட பிறகும் இதயம் தள்ளும் இரத்தம் போதவில்லை.

"இன்னும் ஒன்று எனக்கு வேண்டும். அது இந்த மெஷினில் கிடைக்காது" என்று சொல்லி, கதிரையை என் கணவரின் முகத்துக்கு நேரே உருட்டிக்கொண்டு போனார். "உங்களுக்கு எப்படி இருக்கிறது? என் சக வைத்தியரிடம், மூன்று மாடி நிற்காமல் ஏறுவேன், ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். கஷ்டமே இல்லாத ஒருவருக்கு நான் இந்தக் கருவியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்."

"அலெஸ் கூட்" என்றார் என் கணவர்.

எல்லாம் நல்லம் என்று அர்த்தம். இந்த நாட்டில் அவர் படித்த முதல் ஜெர்மன் அதுதான். அகதியாக வந்து காத்திருந்த வருடங்களில், அகதிகளை விசாரிக்கும் கந்தோரில் எவர் என்ன கேட்டாலும் அதையே சொல்ல வேண்டும் என்று அவருக்கு முன் வந்தவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுகமோ? அலெஸ் கூட். வேலை செய்ய ஏலுமோ? அலெஸ் கூட். வருத்தக்காரன் என்று எழுதப்பட்டால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் விசா இல்லை என்று எல்லாரும் நம்பினார்கள். காய்ச்சலோடு கோப்பை கழுவினார்கள். கை வெட்டுப்பட்டால் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டார்கள். இப்போது என் கணவரிடம் இந்த நாட்டின் சிவப்புப் பாஸ்போட் இருக்கிறது. நகரசபைத் தேர்தலில் ஆர்வமாக வாக்குப் போடுகிறவர். ஆனால் எதிரே ஒரு வெள்ளைக் கோட்டைக் கண்டால் அவர் பழையபடி அந்தக் கந்தோர்க் கதிரையில் போய் உட்கார்ந்துவிடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீர் சும்மா இரும்."

நான் வைத்தியரிடம் திரும்பி, இவருக்குத் தெருவில் ஏற முடிவதில்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவர் மெதுவாகக் கையை உயர்த்தினார். "உங்களை நம்புகிறேன். ஆனால் அவரிடமிருந்துதான் எனக்கு வர வேண்டும்" என்றார். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நெஞ்சில் இருந்த ஜெல்லைத் துடைக்கக் கடதாசி கொடுத்து, சட்டையைப் போடச் சொன்னார். நேரத்தைப் பார்த்தார்.

"எனக்கு இப்போது கோப்பி நேரம். கன்ரீன் மூன்றாம் மாடியில். எனக்கு லிஃப்ட் பிடிக்காது. நீங்களும் வருகிறீர்களா?"

மறுக்க முடியுமா? வைத்தியர் ஒருவர் கோப்பி குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார். என் கணவர் சால்வை போட்டுக்கொள்ளாத குறைதான், அவ்வளவு மரியாதையோடு எழும்பி நின்றார்.

வைத்தியர் முன்னே, அவர் நடுவில், நான் பின்னால். முதல் வளைவு வரை வீரமாக ஏறினார். அடுத்த வரிசையில் கைப்பிடியை எட்டிப் பிடித்தார். முதலாம் மாடித் தளத்தில் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. வெள்ளைத் துணியில் மூன்று நீலக் கோடுகள். வேறு ஒன்றுமே இல்லை. மாடு இல்லை, மலை இல்லை, பூ இல்லை. என் கணவர் அதற்கு முன்னால் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சரித்து, கலைக்கூடத்துக்கு வந்த கனவான் மாதிரி அந்த மூன்று கோடுகளையும் பார்த்தார்.

எங்கள் தெருவில் தெரியாத மலை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

வைத்தியர் இரண்டு படி மேலே போயிருந்தார். திரும்பி இறங்கி வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்றார். "களைக்கிறதா?" என்று கேட்கவில்லை. அவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். மூச்சுச் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டது. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் மேலும் கீழும் போனார்கள், சிலர் வணக்கம் சொன்னார்கள், அவர் தலையை மட்டும் அசைத்தார். அந்த மூச்சு அடங்கும்வரை அவருக்கு உலகத்தில் வேறு வேலையே இருக்கவில்லை.

"இந்தப் படத்தை நான் தினமும் கடந்து போகிறேன்" என்றார் கடைசியில். "இவ்வளவு நேரம் நின்று பார்த்த முதல் ஆள் நீங்கள்தான்."

என் கணவர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏலாதப்பா" என்றார் தமிழில். "சொல்லும் அவவுக்கு. எனக்கு ஏலாமக் கிடக்கு."

வைத்தியரும் படியில் உட்கார்ந்தார், மலையேறும் சப்பாத்தை நீட்டிக்கொண்டு. நான் நின்றபடி மொழிபெயர்த்தேன். என் கணவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெங்காய மூட்டையை இப்போது தூக்குவதில்லை, உதவிக்கு நிற்கிறவரிடம் இடுப்பு நாரி நோகிறது என்று சொல்லி வைத்திருக்கிறார். பெரிய சட்டிகளை இறக்க ஆளில்லாத நேரத்தில் சூப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். திருவிழாவில் தோள் கொடுக்காதது பெருந்தன்மையால் இல்லை, இடையில் விழுந்து சாமியைச் சரித்துவிடுவேனோ என்ற பயத்தால். ரீவி பார்க்கிறார் என்று நான் ஏசிக்கொண்டிருந்த இரவுகளில் அவர் ரீவி பார்க்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் கதிரையில் இருந்திருக்கிறார். நான் எழும்பி வரும் சத்தம் கேட்டால் ரீவியைப் போட்டிருக்கிறார்.

எனக்குச் சொல்லாத எல்லாவற்றையும் நான் என் வாயால் ஜெர்மனில் சொல்ல வேண்டியிருந்தது. ரீவி பற்றிய வசனத்தை இரண்டு தடவை தொடங்கித்தான் முடித்தேன். வைத்தியர் என்னை அவசரப்படுத்தவில்லை.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் அவரிடம்.

"இதை ஆருக்கு எழுதி அனுப்புவா எண்டு கேளும்" என்றார் என் கணவர். அதோடு, நெஞ்சில் கருவி வைத்தவன் இன்டக்ஷன் அடுப்புக்குக் கிட்டப் போக முடியாது என்று யாரோ ஒரு சமையற்காரர் சொன்னாராம். அடுப்புக்குக் கிட்டப் போக முடியாதவனை எந்தக் குசினி வைத்திருக்கும்?

வைத்தியர் முழுதையும் கேட்டார். "நீங்கள் சொன்னது எனக்கும் உங்களைக் கவனிக்கும் வைத்தியர்களுக்கும் மட்டும்தான். உங்கள் முதலாளிக்கு இல்லை, எந்தக் கந்தோருக்கும் இல்லை" என்றார். அடுப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம், நெஞ்சை அடுப்பின் மேல் குனியாமல் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும், குசினியைப் பற்றி விவரமாகக் கேட்டுச் சொல்லித் தருவார்கள் என்றார். பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "உங்கள் ஈசீஜீ ஒன்று சொல்லியது. உங்கள் இதயத்தின் படமும் அதையே சொல்லியது. நீங்கள் மட்டும்தான் வேறு சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இப்போது மூன்றும் ஒத்து வருகிறது. நான் சிபாரிசு செய்வேன். ஆனால் இது எல்லாருக்கும் கை கொடுப்பதில்லை. உங்களுக்குக் கொடுக்கும் என்று எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது, உறுதி இல்லை."

பொய் சொல்லாத ஒருவரின் நம்பிக்கை எவ்வளவு பெரியது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. மிச்ச மாடிகளுக்கு நாங்கள் லிஃப்டில் போனோம். லிஃப்ட் பிடிக்காதவரும் எங்களோடு வந்தார்.

கருவி வைத்தார்கள். இடப்பக்கம், தோளுக்குக் கீழே. மூன்று மெல்லிய கம்பிகள் உள்ளே போயின என்றும், ஒன்று பிந்தி வரும் அந்தச் சுவருக்கு என்றும் சொன்னார்கள். மகள் ரெனானிலிருந்து வந்து நின்றாள். "அப்பவே பூட்டச் சொன்னனான்" என்றாள். நான் அவளுக்கு அந்தப் படியில் நடந்த கதையைச் சொன்னேன். பிறகு அவள் அப்படிச் சொல்லவில்லை.

உடனே ஒன்றும் பூத்துக் குலுங்கவில்லை. முதல் வாரங்களில் தெருவில் மலை இன்னும் வடிவாகத்தான் இருந்தது. நான் மூச்சை எண்ணாத மாதிரி நடித்துக்கொண்டு கூட நின்றேன். நம்பிக்கை இருக்கிறது, உறுதி இல்லை என்ற அந்த வசனம் எனக்குள் போய் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் பஸ்ஸால் இறங்கி நான் கடைப் பையை மாற்றிப் பிடிக்க நின்றபோது, அவர் பாதித் தெருவைத் தாண்டிப் போயிருந்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நின்றுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு அதே அறை, அதே மங்கின வெளிச்சம், அதே உள்ளங்கையில் சூடான ஜெல். நான் திரையைப் பார்க்கவில்லை, வைத்தியரின் முகத்தையே பார்த்தேன். அவர் கீறினார், அழித்தார், கீறினார். பிறகு திரையைத் திருப்பி, மெதுவாக ஓடவிட்டார். நடுச்சுவரும் எதிர்ச்சுவரும் சேர்ந்து உள்ளே வந்தன, சேர்ந்து விரிந்தன. நுனி ஆடாமல் நின்றது. வீங்கியிருந்த இதயம் கொஞ்சம் சிறுத்திருக்கிறது, முன்னை விட நன்றாகத் தள்ளுகிறது என்றார்.

"அடி ஒண்டா விழுது" என்றார் என் கணவர். நான் மொழிபெயர்க்க முன்னமே வைத்தியர் தலையாட்டினார்.

கதிரையை உருட்டிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்தார். "உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

என் கணவர் "அலெஸ்" என்று தொடங்கி, அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தையல் போட்ட இடம் சாடையா இழுக்குது எண்டு சொல்லும்" என்றார் என்னிடம். "குளிசை போட்டால் காலமையில தலை சுத்துது. இளைப்பு இல்லை. உண்மையா இல்லை. இந்த முறை சாமி காவலாமோ எண்டும் கேளும்."

வைத்தியர் சிரித்தார். அந்தத் தோளில் பாரம் ஏற்ற வேண்டாம் என்றார். தலைச்சுற்றுக்கு ஒரு குளிசையின் அளவைக் குறைத்தார். பிறகு நேரத்தைப் பார்த்தார்.

"கோப்பி?"

வைத்தியர் முன்னே, அவர் நடுவில், நான் பின்னால். அவர்கள் இரண்டு பேரும் திருவிழாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டே ஏறினார்கள். தோள் கொடுக்க முடியாவிட்டால், முன்னால் நின்று அடி சொல்லிக் கொடுக்கலாம் என்று தன் உடைந்த ஜெர்மனில் என் கணவரே விளக்கிக்கொண்டிருந்தார். முதலாம் மாடி வந்தது. வைத்தியர் நின்று, "இன்றைக்குப் படம் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

"அண்டைக்கே வடிவாப் பாத்திட்டன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, என் கணவர் நிற்காமல் மேலே போனார். சப்பாத்துச் சத்தம் இரண்டாம் மாடி வளைவையும் தாண்டிப் போவது எனக்குக் கேட்டது.

நான்தான் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சரித்து, அந்த மூன்று நீலக் கோடுகளையும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றதில் கோடுகள் ஒன்றும் தெரியவில்லை. மேலே போகத் தொடங்கிய வைத்தியர் திரும்பி இறங்கி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் நின்று அவரும் அந்தப் படத்தைப் பார்த்தார்.